லலிதம்மாவின் பூவில் என் பெயர்

எட்வின்,

கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் இன்று என்னை மன்னிக்கட்டும். நீ நலமாக இருக்கிறாய் என்பது செவ்வாய்க்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. நிர்மலாவும் நலம் என்று நம்புகிறேன். என் மருமகள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உன் மீது இருக்கிறது. போனில் அதைச் சொல்லி முடிக்க நீ விடவில்லை. எழுத்தில் என்னை இடைமறிக்க உன்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இதன் இன்னொரு பிரதி எங்கள் தோட்டக் கூட்டத்துப் பெண்களுக்குப் போகிறது. அம்மா வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறாள் என்று நீ முகம் சுளிப்பாய். தெருவுக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. நீதான் என் பெயரை வண்ண அட்டையில் அச்சடித்து, கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், உன் கம்பெனியின் விற்பனை நிலையத்தில், தொட்டிக்குத் தொட்டி குத்திவைத்தாய். எல்லோரும் பார்க்கச் செய்த தவறுக்கு எல்லோரும் படிக்கிற பதில்தான் பொருந்தும்.

உன் அப்பா இறந்து இந்த வீட்டில் நான் தனியாக ஆனதிலிருந்து எத்தனையோ முறை பெங்களூரிலிருந்து வந்து போயிருக்கிறாய். செடிகளை வளர்த்து விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாய். ஆனாலும் ஒரு காலையாவது என்னோடு தோட்டத்தில் நடந்ததில்லை. கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நிற்பாய், "செடியெல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்பாய், நான் பதில் சொல்வதற்குள் உன் செல்போன் அடிக்கும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி.

டே லில்லி ஒரு நாள் பூ. காலையில் விரிந்தது இரவில் சுருங்கிவிடும். ஒரே தண்டில் பல மொட்டுகள் முறை வைத்துக் காத்திருப்பதால் செடி ஓயாமல் பூப்பது போலத் தெரியும். ஏப்ரலில் மாங்காய் மழை எனும் கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும் நம் ஓசூர்ச் செம்மண்ணில் தண்டுகள் எழும்பும். மே மாதமும் ஜூன் மாதமும் நான் வேறு எந்த ஊருக்கும் போக மாட்டேன், உறவினர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும். காலையில் எழுந்ததும் நேற்றைய பூக்களைக் கிள்ளி எடுப்பதுதான் முதல் வேலை. கிள்ளாமல் விட்டால் அவை ஈரத் துணி போல் குழைந்து அடுத்த மொட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதை விரிய விடாது. உன் கம்பெனி ரோஜாவைப் போல இதை மொட்டிலேயே வெட்டி, குளிர் அறையில் அடுக்கி, விமானத்தில் ஏற்ற முடியாது. இந்தப் பூவைப் பார்க்க வேண்டுமானால் அது இருக்கும் வீட்டுக்கு, அது பூத்திருக்கும் நேரத்தில் போக வேண்டும். அப்படி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்ததில்தான் எங்கள் கூட்டம் உண்டானது.

பூக்காலத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு வீடு. வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுவோம். முதலில் தோட்டம், பிறகுதான் காபி. ஒவ்வொருவரும் இந்த வருடம் தனக்கு மிகப் பிடித்த செடி எது, ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். எங்களில் பெரும்பாலோர் கணவரின் தொழிற்சாலை வேலைக்காக வெவ்வேறு ஊரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். லலிதம்மா மட்டும் இந்தப் பக்கத்திலேயே பிறந்தவர், கெலமங்கலத்துக்காரர். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, எங்களோடு தமிழ். மதுரையிலிருந்து வந்த சாந்தி டீச்சர் வருடா வருடம் தன் பழைய ஆரஞ்சு நிற லில்லியையே புகழ்வார். லலிதம்மா விட மாட்டார்.

"போன வருசமும் இதையேதான சொன்னீங்க டீச்சர்?"

"எங்க வீட்டுக்காரரும்தான் பழசு. அவரையும் மாத்தச் சொல்வீங்களோ?"

"அது உங்க இஷ்டம். பூவையாவது மாத்துங்க."

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோகிறது. அதற்குக் காரணம் நீ.

லலிதம்மா என்ன செய்தார் என்பதைச் சொன்னால்தான் நீ என்ன செய்தாய் என்பது உனக்குப் புரியும். நம் ஊரில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் தெரிவதில்லை, ஆனால் பூவுக்குத் தெரியும். சிவப்பு டே லில்லி எதுவும் இங்கே மதியத்தைத் தாங்காது. விளிம்பு கருகி, சாயம் போன சேலை போல் வெளிறிவிடும். மதியம் தாங்குகிற சிவப்பு ஒன்று வேண்டும் என்று லலிதம்மா பிடிவாதம் பிடித்தார். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் நடுக்காம்பு நுனியில் தடவி, அடையாளத்துக்கு அதில் நூல் கட்டி வைப்பார். காய் முற்றி, விதை எடுத்து, விதைத்து, அந்த நாற்று முதல் பூ விட வருடங்கள் போகும். பூத்தது மதியத்தில் வாடினால் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் கணவர் பக்கவாதம் வந்து பேச்சிழந்து படுத்திருந்த காலம் முழுவதும் இதைச் செய்தார். ஒரு ஜூன் மாதத்தில் அந்தச் சிவப்பு வந்தது. மாதுளை முத்தின் நிறம், பூவின் தொண்டைக்குழியில் பச்சை, விளக்கேற்றும் நேரம் வரை அப்படியே நின்றது. சன்னல் வழியாக அதைப் பார்த்த அவர் கணவர், நெடுநாளாகப் பேசாதிருந்தவர், வாய் கோணியபடி "கெம்பு" என்றாராம். அவர்கள் மொழியில் சிவப்பு என்று அர்த்தம். லலிதம்மா அந்தப் பூவுக்கு அதையே பெயராக வைத்தார். அடுத்த பூக்காலத்துக்கு அந்த மனிதர் இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்து, பலர் வீட்டில் தூர் அழுகி, அருமையான செடிகள் தடமில்லாமல் போயின. அதன் பிறகு ஏற்படுத்திக்கொண்டோம். ஒவ்வொருவரும் தனக்கு மிகப் பிடித்த செடியின் பக்கக்கன்று ஒன்றை இன்னொருவர் தோட்டத்தில் வளர்க்கத் தர வேண்டும். அதைக் காப்புச் செடி என்போம். காப்பவர் தண்ணீர் விடலாம், பூவைப் பார்த்து மகிழலாம். அதிலிருந்து ஒரு கன்றையோ ஒரு விதையையோ யாருக்கும் தரக்கூடாது, தன் தோட்டத்திலேயே இன்னோர் இடத்தில் நடவும் கூடாது. உடையவர் வீட்டுச் செடி செத்துப்போனால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். என் எலுமிச்சை மஞ்சள் நிற லில்லியை லலிதம்மா காத்தார். அவருடைய கெம்பை என்னிடம் தந்தார்.

"உங்ககிட்ட குடுத்தா பேங்க் லாக்கர்ல வச்ச மாதிரி, எலிசபெத்தம்மா. ஒரு இலைகூட வெளிய போகாது" என்றார் அப்போது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தாய். தலைவலி என்று சொல்லிப் பூசைக்கு வரவில்லை. நீ ஊர் திரும்பிய பிறகு கெம்பின் தூரில் ஒரு பக்கம் பள்ளமாக இருப்பதைப் பார்த்தேன். பெருச்சாளி என்று நினைத்தேன். கூண்டு வாங்கி வைத்தேன், கருவாட்டுத் துண்டு செருகினேன், அந்த ஜீவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது அந்தப் பெருச்சாளியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் லலிதம்மா மண்புழு உரம் வாங்க உன் கம்பெனியின் விற்பனை நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே வாசலிலேயே கெம்பு, வரிசையாக, பிளாஸ்டிக் தொட்டிகளில். ஆய்வுக்கூடத்தில் ஒரு கன்றிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் பெருக்குவீர்கள் என்று நீயே ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அங்கிருந்து அவர் தன் வீட்டுக்குப் போய், ஒரு துணிப்பையோடு நேராக நம் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர் படியேறவில்லை.

"உள்ள வாங்க லலிதம்மா, காபி போடறேன்" என்றேன்.

"காபி வேணாம். இது உங்க மஞ்சள். வேர்ல ஒரு குறையும் இல்ல, பார்த்துக்குங்க." பையைப் படியில் வைத்தார்.

"ஏன், உங்க தோட்டத்துல இடம் இல்லையா?"

"இடம் இருக்கு. மனசுதான் இல்ல. எங்க கெம்பைக் குடுத்துடுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஓர் அட்டையை என் கையில் வைத்தார். அதில் கெம்பின் படம். படத்துக்கு மேல் கொட்டை எழுத்தில் 'எலிசபெத் ரூபி'. கீழே உன் கம்பெனியின் பெயர். எட்வின், இதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த அட்டையில் என் பெயரைப் பார்த்த கணத்தில், விஷயம் புரிவதற்கு முன், எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. என் பெயரை யார் அச்சில் போட்டார்கள் இதுவரை? உதடு தானாக விரிந்துவிட்டது. லலிதம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது லலிதம்மா."

"உங்க பேரு. உங்க பையன் கம்பெனி. எங்க கெம்பு. உங்களுக்கு மட்டும் தெரியாது?"

"என்னை நம்ப மாட்டீங்களா?"

"நம்பித்தானே குடுத்தேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஹோக்லி பிடி" என்றார், போகட்டும் விடுங்கள் என்று. மண்வெட்டி எடுத்து, கெம்பை மண்ணோடு தோண்டி, ஒரு வேர்கூட விடாமல், சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். மொட்டுகள் இருந்தன. வாங்கிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சாந்தி டீச்சர் போன் செய்தார். "என்ன எலிசபெத்தம்மா, உங்க பேருலயே பூ வந்திருக்காம்ல! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!" வாழ்த்தா குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அதன் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

"ஐயோ, அதுக்குள்ள தெரிஞ்சுடுச்சா? அடுத்த மாசம் உங்க எழுபதாவது பொறந்தநாளுக்கு சர்ப்ரைஸா வச்சிருந்தேன்மா!"

"அது லலிதம்மாவோட செடி, எட்வின்."

"நம்ம தோட்டத்துல இருந்தது நம்ம செடிதானம்மா. அவங்க என்ன பேடன்ட் வாங்கியா வச்சிருக்காங்க? ஒரு பூவுக்கு இவ்ளோ பேச்சா?"

நம்ம தோட்டம் என்றாய். எந்தத் தோட்டம்? நீ தண்ணீர் விட்டதா, களை பிடுங்கியதா, நத்தை பொறுக்கியதா? அது என் தோட்டம். அந்தத் தோட்டத்திலும் அந்த ஒரு தூர் மட்டும் என்னுடையது இல்லை. உனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரியாது என்றால் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நான் மறுப்பேன் என்று பயந்துதானே பூசை நேரம் பார்த்துத் தோண்டினாய்? பரிசு கொடுப்பவன் தலைவலி என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. உன் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அன்பு இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் இரட்டிப்பாகிறது. வெளியாள் ஒருவன் திருடியிருந்தால் என் மானம் போயிருக்காது. நீ எனக்காகத் திருடினாய், அதில் என் பெயரையும் எழுதினாய்.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருடம் நினைவிருக்கிறதா? தொழிற்சாலை இயந்திரத்தில் கடையும் பாகம் நகராமல் பிடித்து நிறுத்த உன் அப்பா ஓர் அமைப்பைச் செய்தார். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எத்தனையோ வரைந்து பார்த்து, அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்துச் செய்தது. நீயும் பசை தடவிக் கொடுத்தாய். தொழிற்சாலையில் அது பயன்பாட்டுக்கு வந்ததும் மேலதிகாரியின் பெயரில் பாராட்டுப் பத்திரம் சுவரில் ஏறியது. அப்பா அன்று வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தோசையைத் தொடாமல் எழுந்துபோனார். நீதான் கத்தினாய். "அது உங்களோடதுன்னு ஏம்ப்பா சொல்லல? அந்தாளு திருடன்ப்பா!" அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்று நான் உன்னை அடக்கினேன். மனதுக்குள் எனக்கு ஒரே பூரிப்பு, என் பிள்ளைக்கு எது யாருடையது என்று தெரிந்திருக்கிறதே என்று. அந்தப் பிள்ளை எங்கே போனான் என்றுதான் இந்த ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மேலதிகாரியாவது அடுத்தவன் உழைப்பில் தன் பெயரைப் போட்டான். நீ அம்மாவின் பெயரைப் போட்டாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று நான் பஸ் பிடித்து உன் விற்பனை நிலையத்துக்குப் போனேன். இதை அந்த நிலையத்தின் மேலாளர் உனக்குச் சொல்லியிருப்பார். என் வாயாலும் கேட்டுக்கொள். தொட்டி தொட்டியாகக் குனிந்து அந்த அட்டைகளைப் பிடுங்கினேன். முழங்கால் வலித்தது, பிடுங்கினேன். மேலாளர் ஓடி வந்தார். தருமபுரிப் பக்கத்து மனிதர், மரியாதையாகத்தான் பேசினார்.

"லேபிள எடுக்காதீங்கம்மா. அது இல்லாம செடிய எப்படிங்க விக்கிறது?"

"விக்காதீங்க."

"இதெல்லாம் கம்பெனி சொத்துங்கம்மா."

"இந்தப் பேரு எங்க அப்பா எனக்கு வச்சது. உங்க கம்பெனி வச்சது இல்ல" என்று வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதையும் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பஸ் பாஸைப் பார்க்கும் கண்டக்டர் போல மாறி மாறிப் பார்த்தார்.

"பேரு ஒண்ணாத்தான் இருக்குதுங்க" என்று தலையைச் சொறிந்தார். "நான் மேல சொல்லணும்ங்கம்மா."

"சொல்லுங்க. மேல இருக்கிறது என் மகன்தான்."

அதன் பிறகு அந்த நல்ல மனிதர் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. அட்டைகளை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். பெங்களூர்க் கடைகளுக்குப் போன தொட்டிகளில் இன்னும் என் பெயர் இருக்கும். அவற்றை எடுப்பது உன் வேலை. கெம்பை இனி பெருக்கலாமா, விற்கலாமா, என்ன பெயரில் விற்கலாம் என்பதை லலிதம்மா சொல்வார். வேண்டாம் என்று அவர் சொன்னால் உன் கம்பெனி அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். அதில் உன் வேலைக்குச் சங்கடம் வரும் என்பாய். வரட்டும். சங்கடத்தோடு வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர், உன் அப்பா உட்பட. பிறந்தநாளுக்கு ஏதாவது தர வேண்டும் என்றால் ஒரு காலை நேரத்தைத் தா. போனை அணைத்துவிட்டு வா. நேற்றைய பூக்களை எப்படிக் கிள்ளுவது என்று காட்டித் தருகிறேன்.

அதற்கு முன் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் லலிதம்மா நம்பப் போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்ப மாட்டேன், என் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு. அதை மாற்ற உன் ஒருவனால்தான் முடியும். இந்தச் சனிக்கிழமை கூட்டம் சாந்தி டீச்சர் வீட்டில். லலிதம்மா வரப்போவதில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். நான் இருக்கும் இடத்துக்கு அவர் வர மாட்டார். ஆகவே நீ அங்கே வராதே. அவர் வீட்டுக்குப் போ. காலையில், அவர் தோட்டத்தில் இருக்கும் நேரத்தில் போ. பழத்தட்டு, இனிப்பு எதுவும் வேண்டாம். நிர்மலாவை முன்னால் நிறுத்தாதே. கம்பெனி காரில் போகாதே. உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது, நீதான் திருடினாய் என்று சொல். திருடினேன் என்ற சொல்லையே சொல். எடுத்தேன் என்று மழுப்பினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவர் செய்வது சரி.

நான் உன்னோடு வர மாட்டேன். பக்கத்தில் நின்றால் நான் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாய் என்று நினைப்பார். அவர் உனக்குக் கேட்டைத் திறப்பாரா என்று எனக்குத் தெரியாது. திறந்தால் கைகூப்பி உள்ளே போ. திறக்காவிட்டால் வெளியிலேயே நின்று சொல். அவருக்கு இடது காது கேட்காது, உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தெரு முழுக்கக் கேட்கும். கேட்கட்டும்.

உன் அம்மா